மொராக்கோ 1786, அல்ஜியர்ஸ் 1795: ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

சுங்கச்சாவடி:
அமெரிக்கா தனி நாடான புதிதில் வட ஆப்பிரிக்கக் கரை அரசுகளோடு சமாதான, வணிக ஒப்பந்தம் போட எடுத்த முயற்சிகள் பற்றி ஒரு கேள்வி. 1786இல் தாமஸ் பார்க்லே மொராக்கோ போகிறார். செலவு வரம்பு 20,000 டாலர். மராகேஷ் போய்ச் சேர்ந்து பத்து நாளுக்குள் ஒப்பந்தம் கையில். அதே 1786இல் ஜான் லாம்ப் அல்ஜியர்ஸ் போகிறார். வரம்பு 40,000 டாலர், அதாவது இரண்டு மடங்கு. வெறுங்கையோடு வெளியே வருகிறார். கடைசியில் 1795இல் அங்கே முடிந்தபோது 642,500 டாலர், அதற்கு மேல் ஆண்டுக் கப்பம். பார்க்லே கெட்டிக்காரர், லாம்ப் கோவேறு கழுதை வியாபாரி, தூது போகத் தெரியாதவர் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். இவ்வளவுதானா விஷயம்?

கப்பல்காரன்:
ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கப்பலில் இருந்த தாளைப் பார்க்க வேண்டும். 1776 வரைக்கும் அமெரிக்கக் கப்பல்கள் பிரிட்டிஷ் கப்பல்கள். மத்தியதரைக் கடலுக்குப் போகும்போது பிரிட்டிஷ் கடற்படை அலுவலகம் தரும் அனுமதிச் சீட்டை வைத்திருப்பார்கள். தோல்தாளில் மேலே படம் அச்சிட்டு, வளைவு வளைவான கோட்டில் இரண்டாக வெட்டுவார்கள். கீழ்த் துண்டு கேப்டனிடம். அதே வெட்டுக்குப் பொருந்தும் மேல் துண்டுகள் அல்ஜியர்ஸ் போன்ற ஊர்களில் இருந்த பிரிட்டிஷ் கன்சல்கள் (அரசுப் பிரதிநிதிகள்) வழியாக பிற நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கும் அங்குள்ள வேட்டைக் கப்பல்களுக்குப் போய்விடும். நடுக்கடலில் மறித்தால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். வெட்டு பொருந்தினால் விடு, பொருந்தாவிட்டால் பிடி. ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எளிமையான, நல்ல ஏற்பாடு.

சுதந்திரப் பிரகடனத்தோடு இந்தப் பாதுகாப்பு போயிற்று. அதற்குப் பதிலாகப் பிரான்ஸ் காக்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் கேட்டார்கள். 1778 பிரெஞ்சு ஒப்பந்தத்தின் 8ஆம் ஷரத்தில் கிடைத்தது, மன்னர் தன் நல்லெண்ணத்தால் பரிந்து பேசுவார் என்ற அளவுக்குத்தான். பரிந்து பேசுவதற்கும் பொறுப்பு ஏற்பதற்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் பின்னால் வந்த எல்லாச் செலவும்.

போன வணிகமும் சின்னது இல்லை. 1790 கடைசியில், அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன் கொடுத்த அறிக்கைப்படி, சுதந்திரப் போருக்கு முன்னால் அமெரிக்காவின் கோதுமை, மாவு ஏற்றுமதியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கும், உப்பிட்ட, உலர்ந்த மீனில் நாலில் ஒரு பங்கும் மத்தியதரைக் கடலுக்குத்தான் போனது. ஆண்டுக்கு 80 முதல் 100 கப்பல், சுமார் 20,000 டன், 1,200 மாலுமிகள்.

பழந்தாள்:
மொராக்கோ சுலபமாக முடிந்ததற்குக் காரணம், கேட்டது மொராக்கோ. பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சுல்தான் சிதி முகமது பின் அப்துல்லா 1777 டிசம்பர் 20 அன்றே அறிவித்துவிட்டார்: அமெரிக்கக் கொடி ஏற்றிய கப்பல்கள் தன் துறைமுகங்களுக்குத் தாராளமாக வரலாம், போகலாம். சாலேயில் இருந்த பிரெஞ்சு வணிகர் எத்தியென் தோதிபேர் கேய் என்பவரை, கன்சல் இல்லாத நாடுகளுக்கெல்லாம் கன்சலாக நியமித்து, அவர் மூலம் பாரிஸில் இருந்த அமெரிக்கப் பிரதிநிதி ஃபிராங்க்ளினுக்கு எழுதினார். அந்தப் பக்கம் இருந்து உருப்படியான பதில் இல்லை. 1780 கடைசியில்தான் அமெரிக்க மாநிலங்களின் பொது மன்றமான காங்கிரஸ் ஒப்பந்தம் போட விருப்பம் என்று சொல்கிறது. அப்புறம் திரும்ப மௌனம். 1784 மே மாதம் ஆடம்ஸ், ஃபிராங்க்ளின், ஜெஃபர்சன் மூவருக்கும் பேச்சு நடத்தும் அதிகாரம் கொடுத்தார்கள், அதையும் உடனே நகர்த்தவில்லை.

1784 அக்டோபர் 11. 'பெட்ஸி' என்ற அமெரிக்கக் கப்பலை மொராக்கோக்காரர்கள் பிடிக்கிறார்கள். மாலுமிகளை அடிமைகளாக விற்கவில்லை. கப்பல், சரக்கு, ஆட்கள் எல்லாம் ஒப்பந்தம் வரும்வரை பிடித்து வைத்திருக்கிறோம் என்றார் சுல்தான். ஏழு வருடம் கதவைத் தட்டியவர் கடைசியில் சட்டையைப் பிடித்து இழுத்தார், அவ்வளவுதான். ஸ்பெயின் நடுவில் பேசி 1785 ஜூலையில் விடுவித்தார்கள்.

நடுக்கடல்:
பழந்தாள் சொன்னதோடு வருமானக் கணக்கையும் சேர்க்கணும். சிதி முகமது மொகடோர் துறைமுகத்தைக் கட்டியவர். கஜானாவுக்குச் சுங்க வரி வரணும் என்பது அவருடைய கொள்கை. அதிகக் கப்பல் வந்தால் அதிக வரி. அமெரிக்காவோடு சமாதானம் அவருக்கு வரவு.

அல்ஜியர்ஸில் தலைகீழ். அங்கே டே என்ற பட்டம் கொண்ட ஆட்சியாளர், அவரைத் தாங்கிப் பிடிக்கும் படை, இரண்டுக்கும் பிடிபட்ட கப்பல், கைதிகளின் மீட்புத்தொகை, சமாதானம் செய்துகொண்ட நாடுகள் கட்டும் கப்பம் இவையெல்லாம் வழக்கமான வருமானம். எல்லா நாட்டோடும் சமாதானமாக இருந்தால் கப்பல்கள் சும்மா நிற்கும். ஒருவரோடு சமாதானம் செய்தால் இன்னொருவரோடு சண்டை வேண்டும். 1785இல் நடந்தது அதுதான். ஸ்பெயினோடு சண்டை நின்றதும் ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் பக்கம் வர வழி கிடைத்தது. ஜூலை 25 'மரியா', ஜூலை 30 'டாஃபின்'. மொத்தம் 21 பேர் பிடிபட்டார்கள்.

ஆக, அல்ஜியர்ஸுக்குச் சமாதானம் என்பது இழப்பு. அந்த இழப்புக்கு விலை கேட்டார்கள்.

சுங்கச்சாவடி:
அப்படியானால் லாம்ப் போகும்போதே தோற்றுவிட்டார் என்கிறீர்களா? அவரிடம் என்ன கேட்டார்கள், அவர் கையில் என்ன இருந்தது?

நடுக்கடல்:
1786 மார்ச் கடைசியில் போய்ச் சேர்ந்தார். டே ஒப்பந்தம் பற்றியே பேசத் தயாரில்லை, கைதிகள் பற்றி மட்டும்தான் பேச்சு. கேட்ட விலை இது:

கேப்டன் 3 பேர், ஆளுக்கு 6,000 டாலர் = 18,000
துணை அதிகாரிகள் 2 பேர், ஆளுக்கு 4,000 = 8,000
பயணிகள் 2 பேர், ஆளுக்கு 4,000 = 8,000
மாலுமிகள் 14 பேர், ஆளுக்கு 1,400 = 19,600
கூட்டுத்தொகை 53,600
இதன் மேல் 11 சதவீத வரி 5,896
மொத்தம் 59,496 டாலர்

அந்தப் 11 சதவீதத்தைக் கவனியுங்கள். கோபத்தில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லவில்லை. பதவி வாரியாகக் கட்டணம், அதன் மேல் வரி என்று அலுவலகத்தில் ரசீது போடுகிற மாதிரி கேட்கிறார்கள். லாம்ப் தரலாம் என்று அனுமதிக்கப்பட்டிருந்தது தலைக்கு 200 டாலர். 21 பேருக்கு 4,200. கேட்டது பதினாலு மடங்கு. எந்தப் பெரிய ராஜதந்திரியாலும் இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. அதனால் லாம்ப் மேல் உள்ள குற்றச்சாட்டில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

ஷரத்துப்பிரியன்:
பாதிதான். மீதிப் பாதிக்கு அவர்தான் பொறுப்பு. காங்கிரஸ் காகிதங்களைப் பாரிஸுக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவர் வந்து சேர்ந்ததே 1785 செப்டம்பரில். அவர் வருவதற்காக மொத்த வேலையும் காத்திருந்தது. பேச்சு முறிந்த பிறகு நேரில் வந்து கணக்கும் தகவலும் சொல்லச் சொன்னார்கள், உடல்நிலையைக் காரணம் காட்டி ஸ்பெயினிலேயே இருந்துவிட்டார். டே எதற்கு இறங்கி வருவார், எதற்கு வரமாட்டார் என்ற உள்ளூர்த் தகவல் அடுத்த ஆளுக்குக் கிடைக்கவில்லை. தோற்ற பேச்சுவார்த்தையில் மிஞ்சுவது அந்தத் தகவல் ஒன்றுதான், அதையும் விட்டார்.

இன்னொன்று, மேலிடத்தின் தவறு. 1785 பிப்ரவரியில் மொராக்கோ, அல்ஜியர்ஸ், டூனிஸ், டிரிப்போலி என்ற நாலு அரசுகளுக்கும் சேர்த்துக் காங்கிரஸ் ஒதுக்கியது 80,000 டாலர். கூட்டமைப்புச் சட்டப்படி காங்கிரஸுக்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், அவை கொடுத்தால் உண்டு. இந்த 80,000உம் டச்சு வங்கிக் கடனில் இருந்துதான் வந்தது. சந்தை விலை என்னவென்று விசாரிக்காமலே தொகையைக் குறித்துவிட்டார்கள்.

பழந்தாள்:
சந்தை விலை என்னவென்று 1786 மார்ச்சில் லண்டனில் தெரிந்துவிட்டது. டிரிப்போலி தூதர் அப்துர் ரஹ்மான் அங்கே இருந்தார். லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆடம்ஸ் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தார், பிறகு ஜெஃபர்சனைப் பாரிஸிலிருந்து வரவழைத்தார். தூதர் சொன்ன விகிதம்: ஒரு வருட சமாதானம் என்றால் 12,500 கினி (பிரிட்டிஷ் தங்க நாணயம்), அதில் பத்து சதவீதம் தனக்கு. நிரந்தர சமாதானம் என்றால் 30,000 கினி, தனக்கு 3,000 பவுன் (பிரிட்டிஷ் பவுண்டு). டூனிஸும் இதே விலைக்கு வரும்.

ஒரு கினி 21 ஷில்லிங், ஒரு பவுன் 20 ஷில்லிங். இரண்டு நாட்டுக்கும் நிரந்தரத்துக்கு 60,000 கினி, அதாவது 63,000 பவுன். பவுனுக்கு 4.44 டாலர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 280,000 டாலர், தரகு சேர்க்காமலே. ஒதுக்கீடு நாலு நாட்டுக்கும் சேர்த்து 80,000. அங்கேயே கணக்கு முடிந்தது.

அதற்கு அப்புறம்தான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் கடிதத்தில் மோதிக்கொள்கிறார்கள். ஆடம்ஸ் கட்சி: சண்டை போட்டால் செலவு இதைவிட அதிகம், வணிகம் நின்றிருப்பதால் வரும் இழப்பு அதைவிட அதிகம், கொடுத்து முடி. ஜெஃபர்சன் கட்சி: கொடுத்தால் நிற்காது, பாதிக்கப்பட்ட சின்ன நாடுகள் சேர்ந்து கூட்டுக் காவல் படை வைக்கலாம். கூட்டுப்படைத் திட்டம் நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் பங்கு ஒரு போர்க்கப்பல், அதற்கும் காங்கிரஸிடம் பணம் இல்லை.

புதுவரவு:
பார்க்லே செய்ததைக் கொஞ்சம் படிப்படியாக யாராவது சொல்ல முடியுமா? வருவதற்கு இவ்வளவு நாள், முடிப்பதற்குப் பத்து நாள் என்பது எப்படி?

ஷரத்துப்பிரியன்:
அதிகாரம் கைமாறிய வழியைப் பாருங்கள். காங்கிரஸ் ஆடம்ஸ், ஃபிராங்க்ளின், ஜெஃபர்சன் என்ற மூன்று தூதர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அவர்கள் தங்களுக்குப் பதிலாக முகவரை அனுப்பலாம், ஆனால் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும். 1785 அக்டோபரில் ஆடம்ஸ், ஜெஃபர்சன் கையெழுத்தோடு பார்க்லேக்கு நியமனம் (ஃபிராங்க்ளின் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார்). 1786 ஜனவரியில் பாரிஸிலிருந்து கிளம்பி நேராக மொராக்கோ போகவில்லை, மாட்ரிட் போனார். மொராக்கோவோடு ஏற்கெனவே சமாதானத்தில் இருந்தது ஸ்பெயின், 'பெட்ஸி'யை விடுவித்ததும் அவர்கள்தான். ஸ்பெயின் மன்னரின் சிபாரிசுக் கடிதத்தோடு போனார். இது முக்கியமான படி. முன்பின் தெரியாத நாட்டின் ஆள் என்ற நிலை இதனால் மாறியது.

ஜூன் 19 மராகேஷ். சுல்தான் தரப்பில் பேசியவர் தாஹிர் ஃபென்னிஷ். ஒப்பந்தத்தில் முத்திரை விழுந்த தேதி ஹிஜ்ரி 1200 ஷஅபான் 25, அதாவது ஜூன் 23. பார்க்லே கையில் கிடைத்தது ஜூன் 28. ஜூலை 15 அன்று ஒரு கூடுதல் ஷரத்து: மொராக்கோ துறைமுகத்தில் நிற்கும் அமெரிக்கக் கப்பலை, அமெரிக்காவோடு போரில் இருக்கும் கிறிஸ்தவ நாட்டுக் கப்பலோ முஸ்லிம் (மூர்) நாட்டுக் கப்பலோ தாக்க விடாமல் இயன்றவரை காக்க வேண்டும். அப்புறம் திரும்பும் பாதை: ஜெஃபர்சன் பாரிஸில் 1787 ஜனவரி 1, ஆடம்ஸ் லண்டனில் ஜனவரி 25, காங்கிரஸ் ஏற்பு 1787 ஜூலை 18. பேச்சு பத்து நாள், காகிதம் ஒரு வருடம்.

மொத்தம் 25 ஷரத்து. எனக்குப் பிடித்தவை நாலு:

கடலில் சந்தித்தால் சோதனைக்கு ஒரு படகு, அதில் இரண்டு மூன்று பேர் மட்டும். கூட்டமாக ஏறிச் சோதனை என்ற பெயரில் சூறையாடுவதை இந்த ஒரு வரி தடுக்கிறது.

சரக்கை ஏற்றும் முன்பே எடைபோட்டுப் பார்த்துவிட வேண்டும். ஏற்றிய பின், தடைசெய்யப்பட்ட சரக்கு ஏற்றப்பட்டது நிரூபணமானால் ஒழிய சோதனை போடக் கூடாது. துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவைத்துப் பணம் பறிக்கும் வழி இதனால் அடைபடுகிறது.

போர் வந்தால் கைதிகள் அடிமைகள் அல்ல. ஆளுக்கு ஆள், கேப்டனுக்குக் கேப்டன் மாற்று. ஒரு பக்கம் ஆள் குறைந்தால் குறையும் தலைக்கு 100 மெக்ஸிகோ டாலர். அல்ஜியர்ஸ் கேட்ட 6,000ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போர் மூண்டால் அங்குள்ள வணிகர்களுக்குச் சரக்கை விற்று வெளியேற ஒன்பது மாத அவகாசம்.

கப்பம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கப்பல்காரன்:
தெற்கே உள்ள வாதி நூன் கரை பற்றிய வரியை விட்டுவிட்டீர்கள். அந்தப் பகுதியில் அமெரிக்கக் கப்பல் கரை தட்டினால் ஆட்களைக் காத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சுல்தானின் கை அங்கே முழுசாக எட்டாது, எழுதியவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் தனியாகப் போட்டார்கள். கரைகளின் நிலவரம் தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுங்கச்சாவடி:
சரி, அல்ஜியர்ஸுக்குத் திரும்புவோம். 1786இல் 59,496க்கு 21 பேரை மீட்டிருந்தால் 1795இல் ஆறு லட்சம் கொடுத்திருக்க வேண்டாமே? மலிவாக முடிந்திருக்குமே.

நடுக்கடல்:
முடிந்திருக்காது. அது கைதிகள் விலை மட்டும், சமாதானம் தனி. அதோடு, ஒரு முறை தலைக்குச் சராசரி 2,833 டாலர் கொடுத்தால் அடுத்த கப்பலுக்கு அதுவே ஆரம்ப விலை. ஜெஃபர்சனின் கவலை இதுதான். அதனால் மதுரின் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபை வழியாக ரகசியமாக மீட்கப் பார்த்தார். அவர்கள் காலங்காலமாகக் கைதிகளை மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், குறைந்த விலைக்கு வாங்கத் தெரியும். நிபந்தனை: அமெரிக்க அரசு இதில் அக்கறையே காட்டாத மாதிரி இருக்க வேண்டும். கைதிகளுக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கொடுமையான உத்தி. அதுவும் பலிக்கவில்லை, பிரெஞ்சுப் புரட்சியில் சபையே ஒழிந்துபோனது.

பழந்தாள்:
அதற்கு அப்புறம் வந்தது சாவு வரிசை. 1792இல் சுதந்திரப் போரின் கடற்படைத் தளபதி ஜான் பால் ஜோன்ஸை அல்ஜியர்ஸுக்கு நியமித்தார்கள், காகிதம் பாரிஸ் போய்ச் சேரும் முன்பே ஜூலையில் இறந்தார். மாற்று ஆளாகப் பார்க்லே. அவர் 1793 ஜனவரியில் லிஸ்பனில் இறந்தார். அடுத்து டேவிட் ஹம்ஃப்ரீஸ். அவர் கிளம்புவதற்குள் நிலவரமே மாறிவிட்டது. அதுவரை நீரிணையைக் காத்துக்கொண்டிருந்தது போர்ச்சுகல் கடற்படை. 1793இல் பிரிட்டிஷ் கன்சல் சார்ல்ஸ் லோகி அல்ஜியர்ஸுக்கும் போர்ச்சுகலுக்கும் சண்டை நிறுத்தம் செய்துவைத்தார். அடைப்பு திறந்தது. அக்டோபர், நவம்பரில் 11 அமெரிக்கக் கப்பல்கள், நூற்றுக்கு மேல் ஆட்கள். 1785இல் ஸ்பெயின் விலகியபோது நடந்தது, எட்டு வருடம் கழித்துப் போர்ச்சுகல் விலகியபோது பெரிய அளவில் நடந்தது.

புதுவரவு:
1794இல் கடற்படைச் சட்டம் வந்ததே. அந்தப் பயத்தில்தான் 1795இல் டே ஒப்புக்கொண்டார் என்று படித்த ஞாபகம்.

கப்பல்காரன்:
தேதி ஒத்துவரவில்லை. சட்டம் 1794 மார்ச் 27, ஆறு போர்க்கப்பல். ஒப்பந்தம் 1795 செப்டம்பர் 5. முதல் கப்பலான 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' தண்ணீரில் இறங்கியதே 1797 மே மாதம். அல்ஜியர்ஸில் கையெழுத்தான அன்று அமெரிக்காவிடம் மிதக்கும் போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. சமாதானம் வந்தால் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு வேறு. 1796இல் அதைத் திருத்தி மூன்று கப்பலை மட்டும் கட்டி முடிக்க விட்டார்கள். எனவே பயம் இல்லை, பணம்தான்.

ஷரத்துப்பிரியன்:
பணத்திலும் தகராறு. அமெரிக்கா சார்பில் ஜோசஃப் டொனால்ட்சன் செப்டம்பர் 3 வந்தார், 5ஆம் தேதி முடித்தார். டே ஆரம்பித்தது இருபது லட்சத்துக்கு மேல், இரண்டு போர்க்கப்பலும் சேர்த்து. இறங்கியது 642,500க்கு. அதோடு ஆண்டுக்கு 12,000 அல்ஜியர்ஸ் செக்வின் (தங்க நாணயம்), அதாவது 21,600 டாலர் மதிப்புக்குக் கப்பல் கட்டும் சாமான்: பாய்மரம், பலகை, கயிறு, வெடிமருந்து. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாமானாகக் கொடுப்பதால் பட்டியல் விலையும் சந்தை விலையும் ஒன்றாகாது, கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலியும் கொடுப்பவர் தலையில். போதாததற்கு, அடுத்த கப்பலைப் பிடிக்கும் கப்பலுக்கே மரம் கொடுக்கிறார்கள்!

பெரிய கோளாறு: டொனால்ட்சன் ஒப்புக்கொண்டபோது ரொக்கம் பக்கத்தில் எங்கும் இல்லை. ஐரோப்பாவில் போர், லண்டனில் நாணயமாகத் திரட்டுவது கஷ்டம். மாதக்கணக்கில் தள்ளிப்போனது. டே ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவேன் என்கிற கட்டத்துக்கு வந்தார். 1796இல் இன்னொரு அமெரிக்க முகவர் ஜோயல் பார்லோ போய், 36 பீரங்கிப் போர்க்கப்பல் ஒன்று பரிசாகத் தருகிறோம் என்று சொல்லி மூன்று மாத அவகாசம் வாங்கினார். அந்த மூன்று மாதத்தின் விலை ஒரு கப்பல்! 'கிரெசன்ட்' என்ற பெயரில் கட்டி 1798இல் ஒப்படைத்தார்கள். கைதிகளை மீட்க அல்ஜியர்ஸிலேயே இருந்த பக்ரி வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார்கள். பார்க்கப் போனால் டேயின் ஊர்ப் பணமே சுற்றிக்கொண்டு டேயிடம் போனது. 1796 ஜூலையில் கைதிகள் கிளம்பினார்கள். எல்லாம் சேர்த்துச் செலவு கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர்.

சுங்கச்சாவடி:
இப்போது புரிகிறது. கடைசியாக ஒன்று. மொராக்கோ சுல்தான் இறந்தபோது என்ன ஆனது? ஆள் மாறினால் ஒப்பந்தம் நிற்குமா?

பழந்தாள்:
தானாக நிற்காது. 1789 டிசம்பரில் வாஷிங்டன் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறார், 1790 ஏப்ரலில் சுல்தான் இறந்துவிடுகிறார். புதியவர் ஏற்றுக்கொண்டதாகத் தனியாக எழுதி வாங்க வேண்டும். வாரிசுச் சண்டையில் யார் சுல்தான் என்பதே சில வருடம் தெளிவாக இல்லை. 1791இல் இதற்காகவும் பார்க்லேயைத்தான் நியமித்தார்கள், அவர் மொராக்கோவுக்குள் போக முடியவே இல்லை. 1795 ஆகஸ்டில் அமெரிக்கத் தரப்பில் ஜேம்ஸ் சிம்ப்சன், புதிய சுல்தான் முலே சுலைமானிடம் தந்தை செய்த ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்ற கடிதம் வாங்கினார்.

ஷரத்துப்பிரியன்:
1786 ஒப்பந்தத்தின் ஆயுள் 50 வருடம் என்று கடைசி ஷரத்தில் இருக்கிறது. கெடு முடியும் நேரத்தில், 1836 செப்டம்பர் 16 அன்று மொராக்கோவின் மெக்னெஸில் அமெரிக்கத் தரப்பில் ஜேம்ஸ் லீப் புதியதைக் கையெழுத்திட்டார். ஷரத்துகள் பெரும்பாலும் பழையவையே. மாற்றம் ஆயுளில்: இன்னொரு 50 வருடம், அதன் பிறகும் ஒரு தரப்பு 12 மாத முன்னறிவிப்பு கொடுக்கும்வரை செல்லும். அந்த அறிவிப்பை இதுவரை இரண்டு தரப்பும் கொடுக்கவில்லை.